கேட்பாரற்ற மின்னேற்றம்: சென்னையிலிருந்து குமரிவரை ஒரு மின்கார்ப் பயணம்

சென்னையில் தொடங்கித் தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி எனத் தெற்கு நோக்கி இறங்கிக் கன்னியாகுமரியில் முடியும் பெருஞ்சாலை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுடையது. நாற்கரச் சாலையாக விரிவுபடுத்தப்பட்ட பிறகு, விடியலில் புறப்படும் ஒரு பெட்ரோல் கார் மாலைக்குள் குமரியை எட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதே தொலைவை மின்காரில் கடப்பதும் இன்று அரிய செயலன்று. சாலையோர உணவகங்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் மின்னேற்ற நிலையங்கள் வந்துவிட்டன, கார்களும் முன்னைவிடக் கூடுதல் தொலைவு ஓடுகின்றன. ஆயினும் இச்சாலையில் மின்காரில் செல்வோரிடமிருந்து எழும் குறைகள் குறையவில்லை. வண்டியை நம்ப முடியவில்லை, வழியில் மின்னேற்றக் கட்டணம் கூடுதல், உதவிக்கு அழைத்தால் பதில் இல்லை என அவை மூன்றாகச் சொல்லப்படுகின்றன. வழியெங்கும் நின்று பார்த்தால், இம்மூன்றும் வேறு வேறு குறைகள் அல்ல என்பதும், மின்னேற்றம் என்னும் ஒரே செயல் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, அவற்றுள் எந்தக் கையும் பயணிக்கு முழுப் பொறுப்பேற்காத நிலையின் மூன்று முகங்களே இவை என்பதும் தெளிவாகும்.

பயணத்தின் கணக்கு வீட்டிலேயே தொடங்குகிறது. மின்காரின் மின்கலத் தொகுதி, அதாவது வழக்கில் பேட்டரி எனப்படும் பகுதி, எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பது கிலோவாட்-மணி என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. மின்வாரிய அட்டையில் ஒரு யூனிட் என்று எழுதப்படுவதும் இதுவே. நடுத்தர விலையுள்ள ஒரு மின்கார் 40 யூனிட் தேக்கும் என்றும், நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்ளலாம். விற்பனையகத்தில் சொல்லப்படும் 'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' என்னும் கணக்கு வீட்டு மின்கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிநிலைகளால் ஆனது என்பதை அக்கணக்கு விட்டுவிடுகிறது. இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லார்க்கும் பொது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தொடக்கப் படிகளில் கிடைக்கும் கூடுதல் மானியமும் கைவிட்டுப் போகும். 2024 ஜூலைக் கட்டண உத்தரவின்படி 501 முதல் 600 வரையிலான யூனிட்டுகளுக்கு ரூ.8.55, 601 முதல் 800 வரை ரூ.9.65, 1,000-ஐத் தாண்டினால் ரூ.11.80 என விலை ஏறிச் செல்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 300 யூனிட்டைக் காருக்கே செலவிடுவதால், முன்பு 400 யூனிட்டில் நின்ற வீடு 700-க்குச் செல்கிறது. காருக்காகச் சேர்ந்த யூனிட்டுகளின் சராசரி விலை 8 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது இன்னும் மலிவுதான். ஆனால் வாங்கும்போது சொல்லப்பட்ட மலிவு அன்று.

செங்கல்பட்டை நெருங்கும் வழியில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. அந்நிறுவனத்தின் வாகன ஆய்வு மையம் இங்குதான் இயங்குகிறது. தெற்கே தூத்துக்குடியில் வியட்நாமைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவ்வாறு மின்காரை வடிவமைக்கும் இடமும் பூட்டும் இடமும் தமிழ்நாட்டின் இரு முனைகளில் இருக்க, இடைப்பட்ட சாலையில் அந்தக் கார் எவ்வளவு தொலைவு ஓடும் என்பது மட்டும் ஐயத்திற்குரியதாகவே நிற்கிறது. விளம்பரங்களில் காணப்படும் தொலைவு, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி, குளிர்சாதனம் இயக்காமல், பெரும்பாலும் மிதமான வேகத்தில் அளக்கப்படுவது. முதல் நெக்ஸான் மின்காருக்குச் சான்றளிக்கப்பட்ட தொலைவு 312 கிலோமீட்டர். அவ்வளவு ஓடவில்லை என்று எழுந்த புகாரின்பேரில் 2021-இல் டெல்லி அரசு அக்காருக்கான மானியத்தை நிறுத்திவைத்ததும், டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்ததும் பதிவான செய்திகள். பிற்பாடு, வாடிக்கையாளரில் நான்கில் மூன்று பங்கினருக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடிய தொலைவு என ஒரு தனி அளவை அக்காரைத் தயாரித்த நிறுவனமே வெளியிடத் தொடங்கியது. அது வரவேற்கத்தக்க மாற்றம் என்றாலும், கட்டாயமானதன்று. எனவே மேல்மருவத்தூரைத் தாண்டியதும் திரையில் எஞ்சிய தொலைவைக் காட்டும் எண் உண்மையான தொலைவைவிட விரைவாகக் கரைவதைப் பயணி தானே கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைச் சுற்றிய பகுதியில், பேருந்துகளும் கார்களும் உணவுக்காக நிற்கும் இடங்களில், முதல் மின்னேற்றம் நிகழ்கிறது. வீட்டில் காருக்குச் செல்வது மாறுமின்னோட்டம். அதைக் காருக்குள் இருக்கும் சிறு மாற்றி மெல்ல நேர்மின்னோட்டமாக்கி மின்கலத்திற்கு அனுப்பும், இதற்கு ஓர் இரவு ஆகலாம். சாலையோர விரைவு மின்னேற்றியில் இம்மாற்றம் வெளியே நிற்கும் பெட்டிக்குள்ளேயே நிகழ்ந்து, நேர்மின்னோட்டம் நேராக மின்கலத்திற்குச் செல்கிறது. பெட்டியையும் காரையும் இணைக்கும் கனத்த வடத்தின் முனைக்கு 'கன்' என்பதே வழக்கு. இந்தியக் கார்களில் பெரும்பான்மை ஏற்றுக்கொண்ட இணைப்பு முறைக்கு சி.சி.எஸ்.2 என்று பெயர். பெட்டியின்மேல் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தால், மணிக்கு 60 யூனிட் வரை கொடுக்க வல்லது என்று பொருள். ஆனால் இரண்டு கன் உள்ள பெட்டியில் இரண்டு கார்கள் நின்றால் அது முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும். மின்கலம் 80 விழுக்காட்டை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். மே மாத வெயிலில் பெட்டியும் மின்கலமும் சூடேறினால் வேகம் மேலும் தணியும். இவையெல்லாம் இயற்பியலின் வரம்புகள், குறைபாடுகள் அல்ல. எனினும் பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் நம்பி அரைமணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று உணவுக்கு அமர்ந்தவருக்கு, ஒரு மணி நேரம் கழித்தும் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே ஏறியிருப்பதற்கான காரணத்தை அந்த இடத்தில் விளக்குவார் யாரும் இல்லை.

உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடையிலான பகுதி இச்சாலையின் மெய்யான சோதனைக்களம். இங்கு ஊர்கள் அருகுகின்றன. ஒரு நிலையம் செயல்படாவிட்டால் அடுத்ததற்குச் செல்லப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்க வேண்டும். செயலியின் வரைபடத்தில் பச்சை நிறத்தில் தெரியும் நிலையத்திற்குச் சென்று பார்த்தால், இரண்டு கன்களில் ஒன்று வேலை செய்யாமல் கிடக்கும்; அல்லது திரை இருண்டிருக்கும்; அல்லது இணைத்தவுடன் பிழை என்று காட்டி நின்றுவிடும். இதற்கான காரணங்களுள் பெரும்பாலானவை எளியவை. ஊரக மின்தடத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. நில இணைப்பு, அதாவது எர்த்திங், சரியாக இல்லாவிட்டால் பாதுகாப்புக் கருவி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஆபத்துக் காலத்தில் அழுத்தவேண்டிய சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்திவிட்டுப் போயிருந்தால், அதைத் திருகி விடுவிக்கும்வரை பெட்டி இயங்காது. சிம் அட்டைக்கு அலைவரிசை கிடைக்காவிட்டால் பணம் செலுத்தியதைப் பெட்டி அறியாது. கடைசியாகச் சொன்ன நிலையில்தான் செயலி பச்சை நிறத்தைக் காட்டுவதும் நிகழ்கிறது; ஏனெனில் அது காட்டுவது பெட்டியின் இப்போதைய நிலையை அன்று, பெட்டி கடைசியாகத் தெரிவித்த நிலையை.

மேற்சொன்ன பழுதுகளில் பாதியை, பயிற்சி பெற்ற ஒருவர் அங்கு இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட முடியும். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் ஆள் இல்லை. உணவகத்தின் காவலாளியைக் கேட்டால், இடம் மட்டுமே தங்களுடையது, பெட்டி வேறு நிறுவனத்தினுடையது என்பார். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை அழைத்தால், தொலைதூர நகரத்திலிருந்து பேசும் சேவையாளர், மறுமுறை இணைத்துப் பாருங்கள் என்றும், இங்கிருந்து மறுதொடக்கம் செய்கிறோம் என்றும் சொல்வார்; அவர் தமிழில் பேசுவார் என்பதற்கும் உறுதியில்லை. அதுவும் பயன் தராவிட்டால் குற்றம் காரின்மேல் சுமத்தப்படும். கார் நிறுவனத்தை அழைத்தால் குற்றம் பெட்டியின்மேல் திரும்பும். மின்னழுத்தக் குறைவு என்றால் மின்வாரியம் நோக்கிக் கைகாட்டப்படும். பணம் செலுத்தும் முறையும் இச்சிக்கலைப் பெருக்குகிறது. நிறுவனத்திற்கு ஒரு செயலி, ஒவ்வொரு செயலியிலும் வாலட் எனப்படும் முன்பணக் கணக்கு, அதில் குறைந்தபட்சத் தொகை என்று அமைந்திருப்பதால், நெடுந்தொலைவு செல்பவர் பல நிறுவனங்களில் சிறுசிறு தொகைகளை முடக்கிவைக்க நேர்கிறது. மின்னேற்றம் இடையில் அறுபட்டால் எஞ்சிய தொகை திரும்புவதற்குச் சில நாட்கள் ஆகும். திரும்பாதபோது எழுதப்படும் மின்னஞ்சலுக்குப் புகார் எண் மட்டும் விரைவாக வந்துசேரும்.

இந்நிலைக்குக் காரணமான சட்ட அமைப்பை விளங்கிக்கொள்ள 2018-க்குச் செல்ல வேண்டும். மின்சாரத்தை விற்பனை செய்ய உரிமம் தேவை என்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் விதி. வாகனத்திற்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகுமா என்னும் ஐயத்திற்கு, 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் அளித்த விளக்கம், அது விற்பனையன்று, சேவை என்பதாகும். அதனால் உரிமம் இன்றி யாரும் மின்னேற்ற நிலையம் தொடங்கலாம் என்னும் வாயில் திறந்தது. இன்று இச்சாலையில் இத்தனை பெட்டிகள் நிற்பதற்கு அந்த விளக்கமே வித்து. ஆனால் அதே விளக்கத்தின் மறுபக்கமும் பயணியின்மேல் விழுந்தது. மின்வாரியம் இத்தனை மணி நேரத்திற்குள் பழுதை நீக்க வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த செயல்திறன் விதிகள், உரிமம் பெறாத மின்னேற்ற நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. மின்சாரத்திற்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை, சேவைக்கு உண்டு. எனவே வீட்டில் வரியின்றி ஏறும் அதே யூனிட்டுக்குச் சாலையில் 18 விழுக்காடு வரி சேர்கிறது. மின்காரை வாங்கும்போது 5 விழுக்காடு வரி விதித்து ஊக்குவிக்கும் அரசு, அதை ஓட்டும்போது அதைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட விகிதத்தில் வரி பெறுவது கொள்கை முரண் என்பதில் ஐயமில்லை.

கொள்கை அளவில் குறை வைக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமேனும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. அதே ஆண்டில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சென்னை, திருச்சி, மதுரைச் சாலையில் தன் 10 பங்க்குகளில், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக, விரைவு மின்னேற்றிகளை நிறுவியது. 2024 பிப்ரவரி நிலவரப்படி நாட்டில் 12,146 பொது மின்னேற்ற நிலையங்கள் இருந்தன. அவற்றுள் தமிழ்நாட்டில் 643. இவ்வெண்கள் அன்றிலிருந்து உயர்ந்துள்ளன. எனினும் நிறுவப்பட்டவற்றின் எண்ணிக்கை ஒன்று, ஒரு குறிப்பிட்ட பிற்பகலில் இயங்குபவற்றின் எண்ணிக்கை வேறொன்று. முதலாவதைத்தான் அரசு கணக்கெடுக்கிறது, பயணிக்குத் தேவைப்படுவது இரண்டாவது. பெட்ரோல் பங்க்கோடு இதை ஒப்பிடுவது பொருத்தமாகும். அங்கும் எண்ணெய் நிறுவனம், முகவர், ஊழியர் எனப் பலர் இருக்கின்றனர். ஆனால் அளவுக் கருவிக்கு முத்திரை உண்டு, புகார்ப் புத்தகம் உண்டு, எண்ணெய் ஊற்றும் ஆள் கண்முன் நிற்கிறார், பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனமே இறுதியில் பதில் சொல்ல வேண்டியது. மின்னேற்றப் பெட்டியின் முன் நிற்பவருக்கு இவற்றுள் ஒன்றும் உறுதியாகக் கிடைப்பதில்லை.

திருச்சியைக் கடந்து விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை நோக்கிச் செல்லும்போது கவலை பெட்டியிலிருந்து காருக்கு மாறுகிறது. மின்காரில் இயந்திர உறுப்புகள் குறைவு. எனவே பழுதும் குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வாதம். மோட்டாரைப் பொறுத்தவரை அது உண்மை. பழுதுகள் பெரும்பாலும் மோட்டாரில் நிகழ்வதில்லை. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைகளிலும், மென்பொருளிலும், வியப்பாகத் தோன்றினாலும், 12 வோல்ட் சிறு பேட்டரியிலும் நிகழ்கின்றன. எல்லா மின்காரிலும் பெரிய மின்கலத்தோடு ஒரு சிறு பேட்டரியும் உண்டு. கதவுப் பூட்டு, திரை, கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகியவற்றை எழுப்புவது அதுவே. அது தீர்ந்துவிட்டால், பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் கார் அசையாது. சென்னையை அடுத்த ஆலையில் பூட்டப்பட்ட ஹூண்டாய் ஐயோனிக் 5 கார்களில் 1,744-ஐ அந்நிறுவனம் 2024-இல் திரும்ப அழைத்துச் சோதித்தது இத்தகைய குறையின் பொருட்டே: சிறு பேட்டரிக்கு மின்னேற்றும் கட்டுப்பாட்டு அலகு பழுதடைந்து அதை வெறுமையாக்கும் வாய்ப்பு கண்டறியப்பட்டது. அதற்கு முன், 2020 டிசம்பரில், அதே நிறுவனத்தின் கோனா மின்கார்களில் 456, மின்கலச் சோதனைக்காக இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டன. திரும்ப அழைப்பது நிறுவனம் தன் பொறுப்பை ஏற்பதன் அடையாளம் என்பதால் அதைப் பழியாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் எந்த உறுப்பு நலிந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

பெட்ரோல் கார் துவரங்குறிச்சியில் நின்றுவிட்டால், அவ்வூர் மெக்கானிக் பேனட்டைத் திறந்து ஏதேனும் ஒன்றைச் செய்து மதுரை வரையாவது ஓடவைத்துவிடுவார். மின்காரின் மின்கலம் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உடையது. பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் அதன் ஆரஞ்சு நிற வடங்களைத் தொடக்கூடாது. கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் கூடாது, ஏனெனில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். எனவே பழுது சிறிதாயினும் பெரிதாயினும் அது பெருநகரத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கே செல்கிறது. அங்கும் பழுதான பலகையைச் செப்பனிடும் வழக்கம் இல்லை, முழுவதுமாக மாற்றுவதே வழக்கம். புதிய பலகை வரும்வரை கார் வாரக்கணக்கில் நிற்கிறது. உத்தரவாதம் செலவைத்தான் காக்கிறது, காத்திருப்பைக் காப்பதில்லை. வாடிக்கையாளரின் சினம் பெரும்பாலும் பழுதின்மேல் எழுவதன்று. பலகை என்று வரும், அதுவரை மாற்றுக் கார் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விற்பனையகம் நிறுவனத்தையும் நிறுவனம் விற்பனையகத்தையும் காட்டுவதன்மேல் எழுவது.

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு எனக் கரிசல் நிலத்தின் வழியே சாலை ஓடுகிறது. கயத்தாற்றிலிருந்து தென்கோடி வரை காற்றாலைகள் தொடர்ந்து தென்படுகின்றன. கிழக்கே கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்னிலையம் இருக்கிறது. நண்பகலில் மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் இந்நிலத்தில் அந்நேரத்து மின்னேற்றம் மலிவாக இருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன: காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தில் மின்னேற்ற நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்தின் விலை, சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்காகவும், பிற நேரத்தில் 1.3 மடங்காகவும் இருக்க வேண்டும். ஆனால் இது நிலையத்தார் மின்வாரியத்திற்குக் கொடுக்கும் விலை. அந்தச் சலுகை பயணிக்கு வந்துசேர வேண்டும் என்று நிலையத்தாரைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு வலுவாக இல்லை. சாலையில் வரி உட்பட யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ பெறப்படுவதைக் கொண்டு கணக்கிட்டால், வீட்டில் ஏற்றிய 40 யூனிட்டையும் வழியில் ஏற்றிய ஏறக்குறைய 66 யூனிட்டையும் சேர்த்துக் குமரிவரையிலான செலவு ரூ.1,800 அளவில் நிற்கும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, சென்னையில் லிட்டர் ஏறத்தாழ 101 ரூபாய் என்ற விலையில், ரூ.4,400 ஆகும். ஆகவே மின்காரின் சிக்கனம் பொய்யன்று. வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாத அடுக்ககவாசிக்கும், நாள்தோறும் சாலையிலேயே ஏற்றும் வாடகைக்கார் ஓட்டுநருக்கும் அந்தச் சிக்கனம் சுருங்கிவிடுகிறது என்பதும், காத்திருப்பில் இழக்கும் மூன்று மணி நேரம் அவர்களுக்குக் கூலியிழப்பு என்பதும் சேர்த்தெண்ணப்பட வேண்டியவை.

இக்குறைகள் இந்தியாவுக்கே உரியவை அல்ல. பிரிட்டனிலும் வீட்டு மின்சாரத்திற்கு 5 விழுக்காடும் பொது மின்னேற்றத்திற்கு 20 விழுக்காடும் வரி விதிக்கப்படுவது நீண்டகாலக் குறை. பழுதான பெட்டிகளும், பெருகிய செயலிகளும் அங்கும் இருந்தன. வேறுபாடு, அங்கு 2023-இல் இயற்றப்பட்ட பொது மின்னேற்றி விதிமுறைகள் பொறுப்பை ஓரிடத்தில் கட்டிவைத்தன என்பதில் இருக்கிறது. விரைவு மின்னேற்றிகளை நடத்தும் நிறுவனம் தன் வலையமைப்பு ஆண்டுச் சராசரியில் 99 விழுக்காட்டு நேரம் இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும். செயலி இன்றி வங்கி அட்டையைத் தொட்டே பணம் செலுத்த வழி வேண்டும். 24 மணி நேரமும் கட்டணமில்லா உதவி எண் வேண்டும். விலை யூனிட் கணக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும். மீறினால் மின்னேற்றி ஒன்றுக்கு 10,000 பவுண்டு வரை தண்டம் உண்டு. உணவகத்தின் இடமா, மின்தடத்தின் குறையா, காரின் மென்பொருளா என்ற விவாதத்தைப் பயணியிடம் நடத்த முடியாதபடி, பெட்டியை நடத்துபவரே முதலில் பதில் சொல்ல வேண்டியவர் என்று அவ்விதிமுறைகள் முடிவு செய்துவிட்டன.

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு கடந்து குமரியை அடைந்தபின் எஞ்சுவது திரும்பும் பயணத்திற்கான மின்சாரம். விடுதிகள் பலவற்றில் விரைவு மின்னேற்றி இல்லை. குளிர்சாதனத்திற்கு உரிய 15 ஆம்பியர் பிளக் ஒன்றை விடுதி மேலாளர் வாகன நிறுத்தத்தில் காட்டுகிறார், உப மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாய்மொழியாக விலை பேசுகிறார், இரவில் பியூஸ் போனால் காவலாளி வந்து போடுகிறார். தொழில்நுட்ப அளவில் இதுவே வழியெங்கும் கண்டவற்றுள் மெதுவான மின்னேற்றம். சேவை அளவில் குறை சொல்ல இடமில்லாததும் இதுவே, ஏனெனில் விலை சொல்பவரும் மின்சாரம் கொடுப்பவரும் பழுது பார்க்க ஆள் அனுப்புபவரும் ஒருவர்தான். பெருஞ்சாலை நிலையங்களுக்கும் இதே ஒழுங்கைச் சட்டத்தால் கொடுக்க முடியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயணி தன் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால் நூறு, இருநூறு ரூபாய் இழப்புக்கு வழக்காடுவார் அரியர் என்பதால், தனிமனித வழக்கு பொது ஒழுங்குக்கு மாற்றாகாது. மின்னேற்றம் விற்பனையன்று, சேவை என்று 2018-இல் வரையறுத்த அரசே, அச்சேவையின் தரம் எது, அது தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் வரையறுத்து, இயங்கும் நேரத்தைக் கணக்கெடுத்து வெளியிட்டு, குறைந்தவர்க்குத் தண்டம் விதிக்கும் நாளில்தான், குறித்த தொலைவுக்கு ஒரு நிலையம் என்ற விதி பயணிக்குப் பயன்படும் விதியாக மாறும்.